கொட்டு யார் கையில்? தி காஸ்ட்லெஸ் கலெக்டிவும் எங்கள் படிப்பகமும்

'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவை நாங்கள் முதலில் கேட்டது கண்ணாடி உடைந்த ஒரு கைப்பேசியில். 2018, பொங்கலுக்கு முந்தைய வாரம். அம்பாசமுத்திரத்துக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவே, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிற ஓர் ஊரில் நாங்கள் மாலைநேரப் படிப்பகம் நடத்திவருகிறோம். அன்று கரண்ட் இல்லை. பதினொன்றாம் வகுப்பு படிக்கிற தம்பி ஒருவன் கைப்பேசியைக் கொண்டுவந்து காட்டினான். சாம்பல் நிறத்தில் கோட்டு சூட்டு போட்ட பத்தொன்பது பேர் மேடையில் நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். சத்தம் போதவில்லை என்று அவன் கைப்பேசியை ஒரு சில்வர் செம்புக்குள் இறக்கி வைத்தான். படம் மறைந்துவிட்டது. செம்புக்குள்ளிருந்து பறையும் கிட்டாரும் சேர்ந்து வந்தன. கணக்கு நோட்டை மூடிவிட்டுப் பிள்ளைகள் எல்லாரும் செம்பைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

நாங்கள் என்பது ஏழு பேர். சமூகப்பணியிலும் ஆசிரியர் வேலையிலும் இருப்பவர்கள். இதை எழுதுவது எங்களில் சமூகவியல் முதுகலை படித்த ஒருவர். பேசித் திருத்தியது எல்லாரும். எங்களில் தேவேந்திரர் உண்டு, பறையர் உண்டு. 2018இல் அருந்ததியர் ஒருவரும் இல்லை. அதை அப்போது நாங்கள் கவனித்ததுகூட இல்லை.

இசை பற்றி எழுதுகிற தகுதி எங்களுக்கு உண்டா என்று தெரியாது. ஆனால் அந்தக் குழுவோடு சேர்ந்து ஏழெட்டு வருடம் நாங்களும் வளர்ந்தோம். அவர்களுடைய ஓசை மாறியபோது எங்களுக்குள் சண்டை வந்தது, கோபம் வந்தது, ஒரு பெரியவரிடம் தலைகுனிந்து நின்றதும் நடந்தது. இளைய தோழர்களுக்கு அது பயன்படும் என்றுதான் எழுதுகிறோம்.

பத்தொன்பது பேர், ஒரே கோட்டு

2017இல் இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து இந்தக் குழுவை உருவாக்கின. டென்மா அதற்கு முன்பு கபேர் வாசுகியோடு 'குரங்கன்' என்ற குழுவில் இருந்தவர். சினிமாவுக்கு வெளியே தமிழில் ராக் இசை செய்துபார்த்த சிலரில் ஒருவர். குரல்தேர்வுக்கு வந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களிலிருந்து 19 பேரை எடுத்தார்கள். பெரும்பாலும் வடசென்னைக் கானா பாடகர்கள், தாளக்காரர்கள். அரக்கோணத்திலிருந்து வந்த அறிவு ராப் பாடினார். பாடகர்களில் ஒரே பெண் இசைவாணி. 2018 ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெய்ன்ஸ் பள்ளி மைதானத்தில் முதல் நிகழ்ச்சி நடந்தது. ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள்.

பெயர் அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம்மைச் 'சாதியற்ற தமிழர்' என்று பதியுங்கள் என்று கேட்டவர் அவர். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியவர். அந்தச் சொல் நூறு வருடம் கழித்து ஒரு இசைக்குழுவின் பெயராக மேடை ஏறியது. கோட்டு சூட்டு எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் தெருமுனைச் சிலையில் அதைத் தினமும் பார்க்கிறோம்.

கானா என்றால் என்னவென்று திருநெல்வேலிப் பிள்ளைகளுக்குச் சரியாகத் தெரியாது. சினிமாவில் கதாநாயகன் குடித்துவிட்டு ஆடுகிற பாட்டு என்று நினைத்திருந்தார்கள். அது வடசென்னையின் சாவு வீட்டுப் பாட்டு. இரவு முழுக்கப் பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, இறந்தவர் வாழ்ந்த கதையைப் பாடுவார்கள். அந்த மக்களின் துக்கத்தை எடுத்துவிட்டுக் கூத்தை மட்டும் சினிமா எடுத்துக்கொண்டது. காஸ்ட்லெஸ் கலெக்டிவ் செய்த முதல் வேலை, அந்தப் பாட்டை அந்த மக்கள் வாயிலேயே மேடைக்குக் கொண்டுவந்ததுதான்.

அவர்களுடைய முதல் காலத்து ஓசை கரடுமுரடானது. கானாக்காரர் தாளமில்லாமல் குரலை இழுத்துத் தொடங்குவார். சட்டியும் டோலக்கும் கட்டையும் வந்து பிடித்துக்கொள்ளும். பறை ஏறும்போது கிட்டார் கீழே நின்று தாங்கும். நடுவில் ராப் வெட்டிக்கொண்டு நுழையும். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிற மாதிரி இருக்கும் சில இடங்களில். இடஒதுக்கீட்டைப் பற்றிய 'கோட்டா' பாட்டு, மாட்டுக்கறிப் பாட்டு, வடசென்னையைப் பற்றிய பாட்டு எல்லாமே ஒரு பொதுக்கூட்டப் பேச்சின் வேகத்தில் இருந்தன. மைக் ஒன்றுதான் இருக்கிறது, நேரம் கொஞ்சம்தான் இருக்கிறது, சொல்ல வேண்டியது மூவாயிரம் வருடத்துக் கதை என்கிற அவசரம் அது.

இந்த அவசரம் அவர்களோடு தொடங்கியதல்ல. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டை, கே.ஏ. குணசேகரன் தன் 'தன்னானே' குழுவோடு ஊர் ஊராகப் பாடினார். எங்கள் அம்மாமாருக்கு அந்தப் பாட்டு மனப்பாடம். குணசேகரன் 2016இல் இறந்தார். அடுத்த வருடம் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பிறந்தது. ஒரு தலைமுறை பாடியதை அடுத்த தலைமுறை மின்சாரத்தில் செருகியது என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

இரண்டு மரக்கால் நெல்

ஆனால் சென்னையில் கேட்பதும் தாமிரபரணிக் கரையில் கேட்பதும் ஒன்றாக இருக்கவில்லை.

எங்கள் பக்கத்துக்கு வேறு ஓசைகள் இருக்கின்றன. கொடைக்கு வில்லுப்பாட்டு, சுடலைமாடன் கோயில்களில் கணியான் கூத்தின் மகுடம், கரகாட்டத்துக்கு நையாண்டி மேளம். சாவுக்குக் கொட்டு. அந்தக் கொட்டை யார் அடிப்பது என்பதில்தான் ஊரின் சாதிப் படிநிலை முழுவதும் இருந்தது. ஆதிக்கச் சாதி வீட்டில் துட்டி விழுந்தால் ஆள்விட்டுக் கூப்பிடுவார்கள். வரமாட்டேன் என்று சொல்ல முடியாது. 1980களிலும் 90களிலும் பல ஊர்களில் எங்கள் பெரியவர்கள் கொட்டைக் கீழே போட்டார்கள். அதற்காக அடி வாங்கினார்கள், வேலை இழந்தார்கள். 1995இல் கொடியன்குளம் நடந்த காலம் அது. கொட்டடிக்க மாட்டோம் என்று ஒரு ஊர் சொன்னால் அந்த ஊர் எழுந்து நிற்கிறது என்று பொருள்.

செம்பில் பாட்டு வைத்த தம்பியின் தாத்தா அப்படிக் கீழே போட்டவர்.

பேரன் கைப்பேசியில் பறை கேட்கிறான் என்றதும் தாத்தாவுக்குப் பிடிக்கவில்லை. சென்னைக்காரர்கள் அதைக் கோட்டு போட்டுக்கொண்டு அடிக்கிறார்கள் என்று காட்டினோம். "கோட்டு போட்டவனுக்கு வெயில் படாது தம்பி" என்றார். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. பெரியவர்களுக்குப் பண்பாட்டு அரசியல் புரியவில்லை என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். அந்த வருடம் செப்டம்பரில் 'பரியேறும் பெருமாள்' வந்தது. அதில் தந்தையாக நடித்த நெல்லை தங்கராஜ் எங்கள் பக்கத்து நாட்டுப்புறக் கலைஞர். நம் காலம் வந்துவிட்டது என்று மிதப்பில் இருந்தோம்.

2019 ஜூலை 23, தாமிரபரணிப் படுகொலையின் இருபதாம் ஆண்டு. இளைய தோழர்களுக்காக ஒரு வரி: சிறையிலிருந்த மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை விடுவிக்கக் கேட்டும் கூலி உயர்வு கேட்டும் 1999இல் அந்த நாளில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனவர்களை, கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியால் அடித்து ஆற்றுக்குள் விரட்டியது. 17 பேர் செத்தார்கள். அவர்களில் இரண்டு பெண்களும் ஒரு குழந்தையும் உண்டு. ஒவ்வொரு வருடமும் அன்று ஆற்றில் பூப்போடப் போகிறோம். இருபதாம் ஆண்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் படிப்பகத்து வாசலில் ஒரு இசை நிகழ்ச்சி வைக்கலாம் என்று தீர்மானித்தோம். காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மாதிரி. ஆளுக்கு நூறு, இருநூறு போட்டு ஒரு பறை வாங்கினோம்.

யார் அடிப்பது என்ற கேள்வி வந்தது. எங்களில் ஒருவர் அந்தத் தம்பியைப் பார்த்து, "உனக்குக் கை தன்னால வரும்லா?" என்றார்.

அதில் தப்பு இருப்பதாக அந்த நேரம் எங்கள் ஏழு பேரில் யாருக்கும் படவில்லை. தம்பி தலையாட்டினான். அவன் அருந்ததியர் தெருப் பிள்ளை. அந்தத் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள்.

நிகழ்ச்சி அன்று வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தபோது தாத்தா வந்தார். பறையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். அடிக்குச்சியையும் சிண்டுக்குச்சியையும் எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நான் இதை எறவாணத்துல சொருகி இருபத்தஞ்சு வருசமாச்சு. ராத்திரி பூரா அடிச்சா ரெண்டு மரக்கா நெல்லு. அதுலயும் பாதி பதரு. மேலத் தெருக்காரவுக மட்டுமா கூப்பிட்டாக? உங்க தாத்தமாரும் ஆள்விட்டுத்தான் கூப்பிட்டாவ."

நாங்கள் பேசவில்லை. அவர் சொன்னது உண்மை.

"அடிக்கப்படாதுன்னு நான் சொல்லல. எம் பேரன் மட்டும் ஏன் அடிக்கணும்? ஏழு பேரு நிக்கியளே, உங்க கையில என்ன பூட்டா போட்டுருக்கு?"

அம்பேத்கர் 'படிநிலைச் சமத்துவமின்மை' என்று சொன்னதை முதுகலையில் தேர்வுக்குப் படித்து, நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். மேலே இருப்பவனை வெறுத்துக்கொண்டே, கீழே ஒருவன் இருப்பதில் ஒவ்வொரு படியும் ஆறுதல் அடையும் என்பதுதான் அதன் சாரம். அது எங்கள் படிப்பகத்து வாசலில், எங்கள் வாயிலிருந்தே, அதுவும் பாராட்டு மாதிரி வெளியே வந்தது. 'கோட்டா' பாட்டுக்குக் கைதட்டிய நாங்களே, அருந்ததியருக்கு 2009இல் வந்த 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு பற்றிப் பேச்சு வந்தால் தரையைப் பார்ப்போம். காஸ்ட்லெஸ் என்ற சொல் மேலே இருப்பவனுக்கு மட்டும் எறிகிற கல் என்று நினைத்திருந்தோம்.

அன்று பறை ஒலிக்கவில்லை. பதினேழு பேரின் பெயரை வாசித்துவிட்டுக் கலைந்தோம்.

ஓசை மாறிய விதம்

அதே வருடங்களில் சென்னையில் அந்தக் குழுவும் மாறிக்கொண்டிருந்தது.

2019இல் அறிவு, தயாரிப்பாளர் ஆஃப்ரோவோடு சேர்ந்து 'தெருக்குரல்' தொகுப்பைக் கொண்டுவந்தார். அதில் பத்தொன்பது பேர் இல்லை. ஒரு குரல், கணினியில் அடுக்கிய தாளம், நடுவில் நிறைய இடைவெளி. குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான போராட்டங்களின்போது வந்த 'சண்ட செய்வோம்' எங்கள் பிள்ளைகளின் கைப்பேசிகளில் எல்லாம் ஏறியது. 2020 டிசம்பரில் நீலம் 'மார்கழியில் மக்களிசை' என்ற விழாவைத் தொடங்கியது. மார்கழி என்றால் சபா, கச்சேரி என்று இருந்த சென்னையில், அதே மாதத்தில் பறையும் ஒப்பாரியும் கானாவும் மேடை ஏறின. காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இப்போது பல குழுக்களில் ஒன்றாக நின்றது. அதே வருடம் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இசைவாணியின் பெயர் வந்தது.

எங்களில் பாதிப் பேருக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை. முதல் மேடையில் இருந்த கூட்டுக் கத்தல் போய்விட்டது, ஆளுக்கு ஆள் பிரிந்து போகிறார்கள், ஓசை பளபளப்பாகிவிட்டது, பழைய மண்வாசனை இல்லை என்று வாதாடினோம். இந்தப் புலம்பல் உலகத்தில் எல்லா இசை ரசிகர்களுக்கும் பொது. பிரேசிலில் செபுல்துரா என்றொரு மெட்டல் குழு இருக்கிறது. வேகமாக, இரும்பு மாதிரி வாசித்தவர்கள். 1996இல் 'ரூட்ஸ்' என்ற தொகுப்புக்காகத் தங்கள் நாட்டின் ஷவான்ட்டே பழங்குடி மக்களோடு போய்த் தங்கிப் பாடி, பிரேசிலின் தாளக் கருவிகளைக் கிட்டாரோடு சேர்த்தார்கள். பழைய ரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். அந்த வருடக் கடைசியில் முக்கியப் பாடகரே குழுவை விட்டுப் போனார். குழு வேறு பாடகரோடு தொடர்ந்தது. போனவர் புதிதாக ஒன்று தொடங்கினார். ஒரு குழுவுக்கு வயது ஏறினால் இதெல்லாம் நடக்கும்.

நாங்கள் யோசித்துப் பார்த்தபோது வேறொன்று பட்டது. பத்தொன்பது பேர் சேர்ந்து நின்றபோது அத்தனை பேர் பெயரும் எங்களுக்குத் தெரியுமா? 'ரஞ்சித் பேண்டு' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். சட்டி அடித்தவர் யார், கட்டை அடித்தவர் யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவர்கள் பிரிந்து தனித்தனியாகப் பாடத் தொடங்கிய பிறகுதான் அறிவு என்றும் இசைவாணி என்றும் கானா முத்து என்றும் பெயர் சொல்லக் கற்றுக்கொண்டோம். கூட்டுக் குரலில் ஒரு பாதுகாப்பு இருந்தது. பெயரும் அதிலேயே கரைந்து போயிருந்தது.

அதற்காகப் பிரிவு இலவசமாக வரவில்லை. சபரிமலைத் தீர்ப்பு வந்த 2018இல், பெண்களின் வழிபாட்டு உரிமையைப் பற்றிக் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையில் பாடிய 'ஐ ஆம் சாரி ஐயப்பா' பாட்டை, ஆறு வருடம் கழித்து 2024 நவம்பரில் யாரோ தோண்டி எடுத்தார்கள். குழுவின் பாட்டு அது. மிரட்டல் அழைப்புகள் வந்தது இசைவாணியின் கைப்பேசிக்கு. பத்தொன்பது பேர் பாடினாலும் அடி விழுகிற இடம் அந்த ஒரு பெண்ணின் தலை என்று மிரட்டுகிறவனுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் படிப்பகத்தில் பாட வருகிற பெண்பிள்ளைகளிடம் இதை நாங்கள் மறைக்கவில்லை. மறைத்துப் பாடச் சொல்வது நியாயமில்லை.

வள்ளியம்மாளும் மாஞ்சோலையும்

2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' வந்தது. அறிவும் தீயும் பாடியது, இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். கல்யாண வீடுகளில் ஆடினார்கள். காஸ்ட்லெஸ் கலெக்டிவ் காலத்துக் கோபம் இதில் இல்லையே என்று எங்களில் சிலர் உதட்டைப் பிதுக்கினோம். பாட்டு பாதியில் ஒப்பாரிக்குள் போவதைக் கவனித்தது எங்கள் ஊருக்கு மருமகளாக வந்திருக்கிற மாஞ்சோலைப் பெண் ஒருவர்தான். "இது ஆடுத பாட்டு இல்ல, இது எங்க ஆத்தா பாட்டு" என்றார்.

அறிவின் பாட்டி பெயர் வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போய், காட்டைத் திருத்தி, கடைசியில் ஒரு துண்டு நிலமில்லாமல் திரும்பி வந்த தன் முன்னோர் கதைதான் அந்தப் பாட்டு என்று அறிவு சொல்லியிருக்கிறார். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் அப்படித் திரும்பியவர்கள் லட்சக்கணக்கானோர்.

எங்களுக்கு அந்தக் கதை கேட்கக் கடல் தாண்ட வேண்டியதில்லை. படிப்பகத்து வாசலில் நின்று மேற்கே பார்த்தால் மாஞ்சோலை மலை தெரியும். 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் அந்த மலைக்காட்டில் 8,000 ஏக்கருக்கு மேல் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தது. இந்தப் பள்ளத்தாக்கிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆட்கள் மலை ஏறினார்கள். பெரும்பாலும் நம் மக்கள். நாலைந்து தலைமுறை தேயிலை கிள்ளினார்கள். குத்தகை 2028இல் முடிகிறது. அதற்கு முன்பே 2024 ஜூனில் நிறுவனம் விருப்ப ஓய்வு என்று சொல்லி எல்லாரையும் இறங்கச் சொன்னது. பிறந்து வளர்ந்த லயன் வீடு அவர்களுடையது இல்லை, நட்ட மரம் அவர்களுடையது இல்லை. கீழே இறங்கினால் கைகாட்ட ஒரு சென்ட் நிலம் இல்லை. 'என்ஜாய் எஞ்சாமி'யில் கோபம் இல்லை என்று சொன்ன நாங்கள், அந்த ஜூன் மாதம் மீண்டும் அதைக் கேட்டோம். யாரும் ஆடவில்லை.

அந்தப் பாட்டின் பின்கதையும் கொட்டுக் கதைதான். 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அந்தப் பாட்டைக் குறிப்பிட்டுப் படம் போட்டார்கள். தீ இருந்தார், கனடாத் தமிழ்ப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார், அறிவு இல்லை. பா. இரஞ்சித் உட்படப் பலர் கேட்ட பிறகு அறிவை வைத்து இன்னொரு அட்டை வந்தது. 2022 ஜூலை 28இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு மேடையில் இல்லை. அந்தப் பாட்டுக்குத் தான் என்னென்ன செய்தேன் என்று அவர் வரிசைப்படுத்தி எழுதினார். சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்கள் தரப்பைச் சொன்னார்கள். 2024 மார்ச்சில், இந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே வெளிப்படையாகச் சொன்னார்.

இதில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. கிடாக்குழி மாரியம்மாளும் கூலி வேலைக்காரர் வாயில் வளர்ந்த பாட்டைப் பாடி மேலே வந்தவர்தான்; அவரை அந்த மேடையில் பார்த்தபோது எங்களுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. நாங்கள் கவனித்தது ஒன்றைத்தான். பறை என்றாலும் கானா என்றாலும் ராப் என்றாலும் ஓசை எப்படி மாறினாலும் இரண்டு கேள்விகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. பெயர் யாருக்கு? கூலி எவ்வளவு? தாத்தா இரண்டு மரக்கால் நெல் என்று சொன்னதும் இதைத்தான். இரவு முழுக்க அவர் அடித்தார். துட்டி வீட்டுக்காரர் பெயர் ஊருக்குத் தெரிந்தது. கொட்டடித்தவர் பெயரை யாரும் கேட்கவில்லை.

2024இல் அறிவு தன் பாட்டியின் பெயரையே தலைப்பில் வைத்து 'வள்ளியம்மா பேராண்டி' என்று தனித் தொகுப்பு கொண்டுவந்தார். பெயரைப் பற்றிய கேள்விக்கு அது அவருடைய பதில் என்று எடுத்துக்கொள்கிறோம். 'பளபளப்பாகிவிட்டது' என்ற புகாரை அன்றோடு நிறுத்தினோம்.

நோட்டு

படிப்பகத்தில் என்ன ஆயிற்று என்று சொல்லி முடிக்கிறோம்.

2019 ஆகஸ்டில் ஒரு விதி போட்டோம். பறை கற்பதென்றால் ஏழு பேரும் கற்க வேண்டும், முதலில் தேவேந்திரரும் பறையரும் கையில் எடுக்க வேண்டும். அருந்ததியர் தெருப் பிள்ளைகள் விரும்பினால் கற்கலாம், யாரும் அவர்களைக் கூப்பிடக் கூடாது. சொல்லித்தர வந்த கலைஞருக்கு முதல் நாளே சம்பளம் பேசி, கையில் கொடுத்தோம். எங்களில் ஒருவர் வீட்டில் பெரிய சண்டை. "நாம அதைத் தொடுத ஆளுகளா?" என்று அவருடைய அம்மா மூன்று மாதம் பேசவில்லை. காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பாட்டை அந்த அம்மாவும் விரும்பிக் கேட்பவர்தான். கேட்பது வேறு, கையில் வாங்குவது வேறு என்று அந்த வீட்டில்தான் எங்களுக்கு விளங்கியது. ஏழு பேரில் இரண்டு பேர் விலகிவிட்டார்கள். அதையும் எழுதத்தான் வேண்டும்.

இப்போது எங்கள் குழுவில் அருந்ததியர் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவர் அந்தத் தம்பி. அவன் பறை கற்கவே இல்லை. "எனக்குப் பீட்டு போடத்தாம்ணே பிடிக்கும்" என்று சொல்லிவிட்டான். கைப்பேசியில் தாளம் அடுக்குகிறான். அது பறை மாதிரியே இருக்காது. சிலசமயம் மழைக்காலத்துத் தகர ஓட்டுச் சத்தம் மாதிரி இருக்கும். ஏன் பறையை ஒதுக்குகிறாய் என்று நாங்கள் கேட்கவில்லை. அவன் தாத்தா கீழே போட்டதும் அவன் எடுக்காமல் இருப்பதும் ஒரே உரிமை.

2024 ஆகஸ்டில் மாஞ்சோலையிலிருந்து இறங்கி வந்த ஒரு அம்மா படிப்பகத்துக்கு வந்து, தேயிலை கிள்ளும்போது பாடுகிற பாட்டு ஒன்றைப் பாடினார். தம்பி பதிவு செய்தான். கைப்பேசியை நிறுத்தியதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "அம்மா, உங்க பேரை எப்படி எழுதணும்?" இரண்டாவது, "இதை எங்கயாவது போட்டுத் துட்டு வந்தா யார்ட்ட குடுக்கணும்?" அந்த அம்மா சிரித்தார். பாட்டுக்குப் போய்த் துட்டா என்றார். அவன் விடவில்லை.

அதற்காக ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். சாதாரண நாற்பது பக்க நோட்டு. பாடியவர் பெயர், அடித்தவர் பெயர், தாளம் போட்டவர் பெயர், கொடுத்த சம்பளம், தேதி. பாக்கி இருந்தால் சிவப்பு மையில். சென்னையில் ஒரு குழு தொடங்கி, உடைந்து, பிரிந்து, வளர்ந்து எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததில் இந்த நோட்டு ஒன்றுதான் கையில் பிடித்துக் காட்டக் கூடியது. உங்கள் ஊரில் ஒரு குழு தொடங்குகிறீர்கள் என்றால், பறை வாங்குவதற்கு முன்பு ஒரு நோட்டு வாங்குங்கள் தோழர்களே.

தாத்தா இன்னும் இருக்கிறார். சாயங்காலம் வந்து திண்ணையில் உட்காருவார். பெண்பிள்ளைகள் அடிப்பதைக் கேட்டு, தாளம் தப்பினால் நாக்கைச் சப்புவார். ஒருநாளும் பறையைத் தொட்டதில்லை. அன்று இடுப்பில் செருகிக்கொண்டு போன குச்சிகளை இன்றுவரை திருப்பித் தரவும் இல்லை. நாங்கள் வேறு வாங்கிக்கொண்டோம். போன மாதம் நோட்டைக் கேட்டு வாங்கி, பேரனிடம் கொடுத்துக் கடைசிப் பக்கத்தில் ஒன்று எழுதச் சொன்னார். "நான் செத்தா கொட்டு வேண்டாம்." அவன் எழுதினான். கீழே தாத்தாவின் பெயரையும் தேதியையும் போட்டான்.